லிவிங் வில் எழுதுவது எப்படி? ஒரு பத்திர எழுத்தரின் அனுபவம்

முப்பத்திரண்டு ஆண்டுகள் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே உட்கார்ந்து பத்திரம் எழுதியவன் நான். கிரயம், அடமானம், பாகப்பிரிவினை, செட்டில்மெண்ட், பவர், உயில் என்று கை வைக்காத வகை இல்லை. உயில் மட்டுமே நூற்றுக்கணக்கில் இருக்கும். "சுயநினைவுடனும் நல்ல மனநிலையுடனும், பிறருடைய தூண்டுதலோ வற்புறுத்தலோ இன்றி" என்று தொடங்கி, செத்த பிறகு வீடு யாருக்கு, நன்செய் யாருக்கு, கொல்லைத் தென்னையில் எத்தனை மரம் யாருக்கு என்று எழுதிக்கொடுத்திருக்கிறேன். சாவதற்கு முந்தைய நாற்பது நாளைப் பற்றி எழுதச் சொல்லி ஒருவரும் வந்ததில்லை. எனக்கும் தோன்றியதில்லை.

அண்ணனுக்குப் பக்கவாதம் வந்து, தனியார் மருத்துவமனை ஒன்றின் ஐ.சி.யூ.வில் முப்பத்தெட்டு நாள் கிடந்தார். வென்டிலேட்டர், மூக்கில் குழாய், கடைசி இரண்டு வாரம் டயாலிசிஸ். தினமும் காலை பதினொரு மணிக்கு டாக்டர் வெளியே வருவார். "என்ன முடிவு செய்தீர்கள்?" என்பார். மூத்தவன் தொடரலாம் என்பான். இளையவன் வீட்டுக்குக் கொண்டுபோகலாம் என்பான். மகள் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே மாட்டாள். பத்தொன்பதாம் நாளோ இருபதாம் நாளோ நான் வாயைத் திறந்தேன். "உங்கள் அப்பா இதைப் பற்றி என்னிடம் திண்ணையில் பலமுறை பேசியிருக்கிறார். இப்படி வைத்திருக்க வேண்டாம் என்றுதான் சொல்லியிருக்கிறார்" என்றேன். மூத்தவன் என்னை நிமிர்ந்து பார்த்துக் கேட்டான்: "சித்தப்பா, அதற்கு என்ன ஆதாரம்? எழுத்தில் இருக்கிறதா?"

ஊருக்கெல்லாம் எழுதிக்கொடுத்தவனிடம் கேட்ட கேள்வி அது. பதில் இல்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் எனக்காக ஒரு பத்திரம் எழுத உட்கார்ந்தேன். முழுதாக முடிய ஐந்து மாதம் ஆயிற்று. எங்கெங்கே இடறினேன் என்று சொன்னால் உங்களுக்கு ஐந்து வாரத்தில் முடியலாம். நான் வக்கீல் அல்ல, டாக்டரும் அல்ல. ஒரு காகிதம் எங்கே ஓட்டையாகும் என்பது மட்டும் கொஞ்சம் தெரியும்.

முதலில் சட்டம், சுருக்கமாக. 2018 மார்ச் 9 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, காமன் காஸ் என்ற அமைப்பு தொடுத்த வழக்கில், கண்ணியமாக இறப்பதும் அரசியலமைப்பின் 21ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமைக்குள் அடங்கும் என்று தீர்ப்பளித்தது. குணமாக வழியில்லாத நிலையில், தன் வாயால் சொல்ல முடியாமல் கிடக்கும்போது, உயிரைப் பிடித்துவைக்கும் கருவிகள் வேண்டாம் என்று ஒருவர் முன்கூட்டியே எழுதிவைக்கலாம். நம் பேச்சில் லிவிங் வில். கொஞ்சம் நீட்டிச் சொன்னால் முன்கூட்டிய மருத்துவ அறிவுறுத்தல். 2018இல் சொன்ன நடைமுறை பெரும் சுமை. கையெழுத்தையே முதல் வகுப்பு மாஜிஸ்திரேட் முன்னால் போட வேண்டும். யார் போவார்கள்? 2023 ஜனவரி 24 அன்று அதே நீதிமன்றம் நடைமுறையை எளிதாக்கியது. இப்போது நோட்டரி அல்லது கெஜட்டட் அதிகாரி போதும். பச்சை மையில் கையெழுத்திடும் அதிகாரி உங்கள் சொந்தத்தில் ஒருவராவது இருப்பார்.

இதைக் கருணைக்கொலை என்று சொல்பவர்கள் உண்டு. ஊசி போட்டு உயிரை எடுப்பது இந்தியாவில் குற்றம். எந்தக் காகிதத்தாலும் அதை அனுமதிக்க வைக்க முடியாது. மும்பை கே.இ.எம். மருத்துவமனை செவிலியர் அருணா ஷான்பாக் 1973இல் தாக்கப்பட்டு, நினைவு திரும்பாமலே 2015 வரை படுக்கையில் இருந்தார். அவருடைய வழக்கில்தான் 2011இல் உச்ச நீதிமன்றம், ஊசி போட்டு உயிரை எடுப்பதற்கும் உயிரைப் பிடித்துவைக்கும் கருவிகளை நிறுத்துவதற்கும் இடையே முதன்முதலாகக் கோடு கிழித்தது. நாம் எழுதப்போவது, செயற்கையாகத் தொடர்வதை நிறுத்துங்கள் என்பதை மட்டும்தான்.

இனி வேலை. பேனாவை எடுப்பதற்கு முன் ஆளைத் தேடுங்கள். எழுத்துதான் எல்லாம் என்று நம்பி வாழ்ந்தவன் இதைச் சொல்கிறேன். ஐ.சி.யூ. வாசலில் உங்கள் காகிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்க ஒரு மனிதர் வேண்டும். அவர் அழுதால் பரவாயில்லை. வாய் குழறக் கூடாது. தீர்ப்பின்படி, உங்களுக்குப் பேச முடியாமல் போனால் உங்கள் சார்பில் ஒப்புதல் தரவோ மறுக்கவோ உரியவரின் பெயரைப் பத்திரத்தில் குறிக்க வேண்டும். ஒன்றுக்கு மேற்பட்டவர்களையும் குறிக்கலாம். இரண்டு பெயர் போடுங்கள். ஒருவர் ஊரில் இல்லாமல் போகலாம். உங்களுக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிடவும் கூடும்.

எனக்கு ஒரு மகன், சிங்கப்பூரில். ஒரு மகள், திருச்சியில். மகன்தானே என்று பழக்கத்தில் அவன் பெயரைத்தான் எழுதினேன், பிறகு அடித்தேன். பாசக்காரன், அதனால்தான் வேண்டாம் என்றேன். விமானத்திலிருந்து இறங்கி நேரே வந்து "என்ன செலவானாலும் பாருங்கள் டாக்டர்" என்றுதான் சொல்வான். மகளை ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்காரவைத்துச் சோதித்துப் பார்த்தேன்.

"டாக்டர் வெளியே வந்து, இன்னும் ஒரு ஆபரேஷன் செய்தால் பத்து சதவீதம் வாய்ப்பு இருக்கிறது என்கிறார். நீ என்ன சொல்வாய்?"

கொஞ்ச நேரம் யோசித்தாள். "எதற்குப் பத்து சதவீதம் என்று கேட்பேன் அப்பா. உயிரோடு இருப்பதற்கா, எழுந்து உட்கார்ந்து பேசுவதற்கா?"

அன்றே அவள் பெயரை எழுதிவிட்டேன். இரண்டாவது பெயர் என் தங்கை மகன். உள்ளூரிலேயே இருக்கிறான், ராத்திரி இரண்டு மணிக்குக் கூப்பிட்டாலும் வருவான், அதிகம் பேசமாட்டான். "மாமா, நீங்கள் எழுதியதைப் படித்துக்காட்டுவேன். என் கருத்தைச் சொல்லமாட்டேன்" என்றான். அதுதான் வேண்டும்.

பெயர் போடாதவர்களிடமும் சொல்லிவிடுங்கள். இதை விட்டவர்கள் பின்னால் படுவார்கள். மகனை வீடியோ அழைப்பில் கூப்பிட்டு, வரைவை அவன் வாயாலேயே படிக்கச் சொன்னேன். பாதியில் நிறுத்தி, தண்ணீர் குடித்துவிட்டு வந்து மீதியைப் படித்தான். தனக்குத் தெரியாமல் எழுதப்பட்ட பத்திரத்தைத்தான் எந்தப் பிள்ளையும் வழக்குக்கு இழுப்பான். படித்துக்காட்டியதை இழுக்கக் கூச்சப்படுவான். முப்பத்திரண்டு வருஷத்தில் பார்த்தது இது.

பேச்சை எடுக்க வேளை பாருங்கள். நான் ஒரு வெள்ளிக்கிழமை மாலை ஆரம்பித்தேன். "விளக்கு வைக்கிற நேரத்தில் இதென்ன பேச்சு?" என்று என் மனைவி எழுந்து போய்விட்டாள். அடுத்த தடவை, பக்கத்துத் தெருவில் ஒருவரை மருத்துவமனையில் பார்த்துவிட்டு பஸ்ஸில் திரும்பிவரும்போது பேசினேன். ஒன்றே கால் மணி நேரம் பேசினோம். மருத்துவமனை வாசனை சட்டையில் இருக்கும்போது எல்லோருக்கும் சொல்ல ஏதாவது இருக்கிறது.

இப்போது வாசகம். என் முதல் வரைவில் நான் எழுதிய வரி: "எனக்குத் தேவையற்ற சிகிச்சைகள் எதுவும் வேண்டாம்." எங்கள் குடும்ப டாக்டரிடம் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "தேவையற்றது என்று யார் சொல்ல வேண்டும்?" என்று கேட்டார். நாற்புறமும் எல்லை குறிக்காமல் மனை விற்றால் என்ன ஆகுமோ அதுதான் இந்த வரியின் கதி. இரண்டாவது வரைவில் "வென்டிலேட்டர் வைக்கக் கூடாது" என்று எழுதினேன். அதற்கும் சிரித்தார். "நாளைக்கு உங்களுக்கு நிமோனியா வருகிறது. நாலு நாள் வென்டிலேட்டரில் வைத்தால் எழுந்து வீட்டுக்கு நடந்து போவீர்கள். வேண்டாம் என்று விட்டுவிடட்டுமா?"

கருவியின் பெயரை மட்டும் எழுதக் கூடாது; முதலில் நிலையை எழுத வேண்டும், பிறகுதான் கருவி. பத்திரத்தில் சொத்து விவரம் எழுதுவது போலவே இதுவும்: எது, எங்கே, எதிலிருந்து எதுவரை. மூன்றாவது வரைவில் நின்ற வாசகம் இது. வேண்டுமானால் உங்கள் விருப்பப்படி மாற்றி எடுத்துக்கொள்ளுங்கள்:

"என் நோய் குணமாகாதது என்றும், என் வீட்டாரை அடையாளம் கண்டு பேசும் நிலைக்கு நான் திரும்ப நியாயமான வாய்ப்பு இல்லை என்றும் மருத்துவர்கள் முடிவுக்கு வந்து, என் விருப்பத்தை நானே சொல்ல இயலாத நிலையில் நான் இருந்தால், வென்டிலேட்டர், டயாலிசிஸ், நின்ற இதயத்தை மீண்டும் இயக்கும் முயற்சி, தொண்டையில் துளையிட்டுக் குழாய் வைத்தல் ஆகியவற்றைத் தொடங்க வேண்டாம், தொடங்கியிருந்தால் நிறுத்திவிடவும். குணமாகுமா என்று உறுதியாகத் தெரியாத நிலையில் சிகிச்சையைத் தொடங்கி இரண்டு வாரம் பார்க்கவும். முன்னேற்றம் இல்லையென்றால் மேற்சொன்னபடி நிறுத்தவும். வலியையும் மூச்சுத்திணறலையும் தணிக்கும் மருந்தை எந்த நிலையிலும் நிறுத்த வேண்டாம்."

அந்த "இரண்டு வாரம்" என் கணக்கு. உங்களுக்கு ஒரு வாரமாக இருக்கலாம், ஒரு மாதமாகவும் இருக்கலாம். மூக்குக்குழாய் வழியாக உணவு கொடுப்பதைப் பற்றித் தனி வரி எழுதுங்கள். வீடுகளில் பெரிய சண்டை அதில்தான் வருகிறது. பட்டினி போட்டுக் கொன்றோம் என்ற பழி யாருக்கும் வரக் கூடாது என்பதால், நான் குழாய் வேண்டாம் என்றும், வாயால் விழுங்க முடிந்த அளவு கொடுத்தால் போதும், உதட்டையும் நாக்கையும் ஈரமாக வைத்திருந்தால் போதும் என்றும், இது என் விருப்பம், என் பிள்ளைகளின் முடிவு அல்ல என்றும் எழுதினேன். அந்தக் கடைசித் துண்டை மகள்தான் சேர்க்கச் சொன்னாள்.

தெளிவு ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், பத்திரம் குழப்பமாக இருப்பதாக மருத்துவக் குழு கருதினால் அதைப் பின்பற்ற மாட்டார்கள். பத்திரமே இல்லாதவருக்குச் செய்வதைத்தான் உங்களுக்கும் செய்வார்கள். எழுதும்போது, பின்விளைவுகளைப் புரிந்துகொண்டே எழுதுகிறேன் என்றும், எப்போது வேண்டுமானாலும் எழுத்துமூலம் ரத்து செய்யும் உரிமை எனக்கு உண்டு என்றும் இரண்டு வாக்கியம் கட்டாயம் இருக்கட்டும். தமிழில் எழுதினேன். எதிர்பாராமல் வெளி மாநிலத்தில் விழுந்துவிட்டால் என்ன செய்வது என்று ஓர் ஆங்கில நகலும் அதே நாளில் தயார் செய்துகொண்டேன்.

உறுப்புதானம் செய்ய நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மூளைச்சாவு உறுதியான பிறகும் உறுப்புகளை எடுக்கும்வரை வென்டிலேட்டர் ஓடினால்தான் அவை பயன்படும். வென்டிலேட்டரை நிறுத்து என்று ஒரு காகிதமும், உறுப்பை எடுத்துக்கொள் என்று இன்னொரு காகிதமும் இருந்தால் இரண்டும் மோதிக்கொள்ளும். "மூளைச்சாவு சான்றளிக்கப்பட்டால், உறுப்புகளை எடுக்கத் தேவையான நேரம்வரை மட்டும் கருவிகள் தொடரலாம்" என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். மூளைச்சாவை நான்கு மருத்துவர்கள் கொண்ட குழு, குறைந்தது ஆறு மணி நேர இடைவெளியில் இரண்டு முறை பரிசோதித்துத்தான் உறுதிசெய்யும். அவசரப்பட்டு அறிவித்துவிடுவார்களோ என்று பயப்பட வேண்டாம். குடும்பத்தின் சம்மதம் இல்லாமல் எடுக்கமாட்டார்கள் என்பதால் இதையும் வீட்டில் சொல்லிவையுங்கள். 2023 செப்டம்பரிலிருந்து தமிழ்நாட்டில் உறுப்புதானம் செய்தவர்களுக்கு அரசு மரியாதையோடு இறுதிச்சடங்கு நடக்கிறது. இதைக் கேட்ட பிறகு என் மனைவிக்கு இந்தக் காகிதத்தின் மேலிருந்த கோபம் பாதி குறைந்தது என்பது வேறு விஷயம்.

கையெழுத்துக்கு இரண்டு சாட்சிகள் வேண்டும். கூடுமானவரை உங்களோடு லாப நஷ்டம் இல்லாதவர்கள். உயிலில் சொத்து வாங்குபவரைச் சாட்சியாகப் போடாதே என்று எத்தனை பேரைத் திட்டியிருப்பேன்! இங்கேயும் அதே விதியை வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு எதிர்வீட்டு ஓய்வுபெற்ற தலைமையாசிரியரும், மருந்துக்கடைக்காரரும். நோட்டரியிடம்தான் கொஞ்சம் ஆட்டம் ஆடினேன். முதலில் போனவர் தலைப்பைப் படித்ததுமே காகிதத்தைத் திருப்பித் தந்துவிட்டார்: "கருணைக்கொலை சமாசாரமெல்லாம் நான் தொடுவதில்லை ஐயா." அடுத்தவரிடம் போகும்போது 2023 உத்தரவை அச்செடுத்து, உரிய பத்தியில் மஞ்சள் கோடு போட்டுக் கொண்டுபோனேன். நிதானமாகப் படித்தார். முத்திரைத்தாளில் இருந்தால் தனக்குச் சௌகரியம் என்றார். வாதம் பண்ணாமல் வாங்கிக்கொடுத்தேன். சாட்சிகளும் நோட்டரியும், இது விருப்பத்தோடு, வற்புறுத்தல் இல்லாமல், விளைவு புரிந்து எழுதப்பட்டது என்பதில் தங்களுக்குத் திருப்தி என்று பத்திரத்திலேயே குறிக்க வேண்டும். வெறும் சீல் குத்தி அனுப்பினால் விடாதீர்கள். ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்து, பக்க எண், அடித்தல் திருத்தல் இல்லை என்ற குறிப்பு. இவை தீர்ப்பில் சொன்னவை அல்ல, என் தொழில் பழக்கம். கெடுதல் ஒன்றும் இல்லை.

நகல்கள். பெயர் குறித்த இருவருக்கும் ஆளுக்கொன்று, குடும்ப டாக்டருக்கு ஒன்று. உள்ளாட்சிக்கு ஒன்று: ஊராட்சியோ நகராட்சியோ மாநகராட்சியோ, அங்கே இதைப் பாதுகாக்க ஒரு பொறுப்பாளரை நியமிக்க வேண்டும் என்பது 2023 உத்தரவு. எங்கள் ஊர் அலுவலகத்தில் கவுன்டரில் இருந்தவர், பிறப்பா இறப்பா என்று கேட்டார். நடுவில் இருப்பது என்றேன். பொறுப்பாளர் யார் என்று அங்கே யாருக்கும் தெரியவில்லை. அதற்காகத் திரும்பி வந்துவிடக் கூடாது. ஒரு முகப்புக் கடிதம் வைத்துத் தபால் பிரிவில் கொடுத்து, என் பிரதியில் தேதியோடு சீல் வாங்கிக்கொண்டேன். கொடுத்ததற்கு ஆதாரம் அதுவே.

அசலைப் பீரோவில் பூட்டாதீர்கள். அண்ணன் வீட்டில் பீரோ சாவியைத் தேடவே ஒரு நாள் போயிற்று. என் பத்திரம் காப்பீட்டு அட்டையோடும் ஆதார் நகலோடும் ஒரே பிளாஸ்டிக் உறையில், பிரிட்ஜ் பக்கத்து ஆணியில் தொங்குகிறது. மகளின் செல்போனில் படமும் இருக்கிறது.

மருத்துவமனையில் என்ன நடக்கும் என்பது உங்கள் ஆளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். காட்டியதும் யாரும் சுவிட்சை அணைத்துவிட மாட்டார்கள். பத்திரம் உண்மையானதுதானா என்று மருத்துவர் சரிபார்ப்பார். பிறகு மருத்துவமனை முதல் குழுவை அமைக்கும்: சிகிச்சை தரும் மருத்துவர், அவரோடு குறைந்தது ஐந்தாண்டு அனுபவமுள்ள இரண்டு நிபுணர்கள். அவர்கள் ஒப்புக்கொண்டால் இரண்டாவது குழு. அதில் மாவட்டத் தலைமை மருத்துவ அதிகாரி நியமிக்கும் ஒரு மருத்துவர் இருப்பார், முதல் குழுவில் இருந்தவர்கள் இருக்கமாட்டார்கள். ஒவ்வொரு குழுவும் கூடுமானவரை 48 மணி நேரத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். நீங்கள் பெயர் குறித்தவர்களின் சம்மதமும் வேண்டும். நிறுத்துவதற்கு முன் மாஜிஸ்திரேட்டுக்குத் தகவல் தர வேண்டும். தகவல்தான், அனுமதி அல்ல. குழு மறுத்தால் உயர் நீதிமன்றம் போகலாம். ஆக நாலைந்து நாள் பிடிக்கும். "இதெல்லாம் எங்கள் மருத்துவமனையில் வழக்கமில்லை" என்று யாராவது சொன்னால், குழு அமைக்கும்படி எழுத்தில் கேளுங்கள் என்று மகளிடம் சொல்லியிருக்கிறேன். எழுத்தில் கேட்டால் எழுத்தில் பதில் சொல்ல வேண்டியிருக்கும். 108 ஆம்புலன்ஸ்காரரிடம் மட்டும் இந்தக் காகிதத்தை நீட்ட வேண்டாம். அவர் வேலை உயிரோடு கொண்டுபோய்ச் சேர்ப்பது. அதைச் செய்யவிடுங்கள்.

வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு வலிக்கு என்ன செய்வது என்பதையும் முன்பே விசாரித்துவையுங்கள். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், வீட்டுக்கே வந்து நோய்த்தணிப்பு சிகிச்சை தருகிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டால் சொல்வார்கள்.

கடைசியாக என் தொழிலோடு சம்பந்தப்பட்ட ஒரு தப்பெண்ணம். "பவர் எழுதிக்கொடுத்துவிட்டேன், மகன் பார்த்துக்கொள்வான்" என்று நிம்மதியாக இருப்பவர்கள் நிறைய. பவர் கொடுத்தவருக்குப் புத்தி தெளிவு போய்விட்டால் பவரும் போய்விடும். 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்திலேயே இருக்கிறது. கோமாவில் கிடப்பவரின் பணத்தை எடுத்து அவருக்கே வைத்தியம் பார்க்க, குடும்பம் உயர் நீதிமன்றத்தில் பாதுகாவலர் உத்தரவு வாங்க வேண்டியிருக்கும். வங்கியில் நாமினி போட்டிருப்பதும் உதவாது, அது செத்த பிறகுதான். ஆறு மாதச் செலவுக்கான தொகையையாவது, இருவரில் யாரும் தனியாக எடுக்கக்கூடிய கூட்டுக் கணக்கில் வைத்துவிடுங்கள். மனநல சிகிச்சை பற்றி முன்கூட்டியே எழுத 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டத்தில் தனி வழி உண்டு. அதை இதோடு கலக்க வேண்டாம்.

ஆண்டுக்கு ஒருமுறை எடுத்துப் படியுங்கள். மனம் மாறினால் புதிதாக எழுதலாம். ஒன்றுக்கு மேல் இருந்தால் கடைசியாகக் கையெழுத்திட்டதுதான் செல்லும். பழையதன் நகல்களைத் திரும்ப வாங்கிக் கிழித்துவிடுங்கள்.

போன மாதம் என் மனைவி, "எனக்கும் ஒன்று எழுதுங்கள்" என்றாள். என்னுடையதையே பெயர் மாற்றி எடுக்கப் போனேன். "அது உங்களுடையது. நான் சொல்கிறேன், எழுதுங்கள்" என்றாள். வென்டிலேட்டரில் வைக்கலாம், மகன் சிங்கப்பூரிலிருந்து வந்து முகத்தைப் பார்க்கும்வரை, அதற்கு மேல் ஒரு நாள் கூட வேண்டாம். மூக்குக்குழாய் வைக்கலாம். டயாலிசிஸ் கூடவே கூடாது. எனக்கு இதில் பாதி சம்மதமில்லை. அவள் சொன்னபடியே தட்டச்சு செய்தேன். "வந்து முகத்தைப் பார்க்கும்வரை" என்பதற்கு நாள் கணக்கு வேண்டும் என்றேன். ஐந்து நாள் என்றாள். வியாழக்கிழமை காலை பத்தரைக்கு நோட்டரியிடம் போகிறோம்.